வித்த கப்பலைக் கொண்டுபோய்க் குடுத்த கதை

வல்வைப் பேத்தி:
போன கோடையில் பொஸ்டனில் இருக்கும் மச்சாள் வீட்டுக்குப் போனபோது, பக்கத்துத் துறைமுக ஊரான குளோஸ்டர் வரைக்கும் ஒரு நடை போய்வந்தேன். கடலைப் பார்த்தபடி, சுக்கான் சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு மீனவர் சிலை அங்கே நிற்கிறது, 1925இல் வைத்தது. எனக்கு யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்கள் ஊர் வல்வெட்டித்துறைதான் (வல்வை) ஞாபகம் வந்தது. எங்கள் ஊர்க் கப்பல் அன்னபூரணி 1938 ஆகஸ்டில் வந்து சேர்ந்தது இந்தத் துறைமுகத்துக்குத்தான்.

கப்பல் கட்டும் ஊர் மேத்திரிமார் வேப்பமரத்தில் கட்டிய 89 அடிப் பாய்க்கப்பல் அது. வில்லியம் அல்பேட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தன் மனைவியின் பெயரை வைத்தார்: புளோரன்ஸ் சி. ரொபின்சன். (அன்னபூரணி எங்கே, புளோரன்ஸ் எங்கே!) 1937இல் புறப்பட்டு ஏடன், சூயஸ், ஜிப்ரால்டர் என்று போன அந்தப் பயணத்தில் வல்வை மாலுமிகள் ஐந்து பேர்.

சிலையைப் படமெடுத்து அம்மாவின் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். சின்ன வயதில் கப்பல் வேலைக்குப் போனவர். அமெரிக்கா என்றதும் பெருமைப்படுவார் என்று பார்த்தால், "ஓமோம், வித்த கப்பலைக் கொண்டுபோய்க் குடுத்தவங்கள். அதுக்கென்ன பிள்ளை?" என்றார்.

பிறகு அரை மணித்தியாலம் கலப்பத்து பற்றித்தான் கதை, கப்பலுக்குள் தண்ணீர் வராமல் இடுக்குகளை அடைக்கும் வேலை. பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து உளியால் அடித்து இறக்குவார்களாம். திரி உருட்டுவது பொடியங்களின் வேலை. தொடையில் வைத்து உருட்டி உருட்டித் தொடை மயிர் ஒன்றும் மிஞ்சவில்லையாம். திரி இறுகினால் சுத்தியல் சத்தமே மாறுமாம். மேத்திரியார் அந்தப் பக்கம் திரும்பி நின்று வெற்றிலை போட்டுக்கொண்டே, "அதிலை இன்னும் அடி" என்பாராம்.

கடைசியாகத்தான் படத்துக்கு வந்தார். "காலை அகட்டி நிக்கிறான் பார். செய்தவனுக்குக் கடல் தெரிஞ்சிருக்கு."

கோடிக்கரைக்காரன்:
அக்கா, எங்க ஊர் வேதாரண்யம் பக்கம், கடலுக்கு இந்தப் பக்கம் உங்க ஊருக்கு எதிர்க்கரை. உங்க ஊர்க்காரங்க சாயங்காலம் வள்ளத்துல வந்து கொட்டகையில படம் பார்த்துட்டு, விடியறதுக்குள்ள திரும்பிடுவாங்கன்னு அப்பா சொல்வார். காத்து மாறுறதுக்குள்ள கரை சேரணும்னு கடைசி ரீலுக்கு முன்னாடியே எழுந்துடுவாங்களாம். மறுதடவை வரும்போது, "அண்ணே, போன படத்துல கடைசியில என்ன ஆச்சு?"ன்னுதான் பேச்சை ஆரம்பிப்பாங்களாம். அப்பா கொஞ்சம் அளந்துவிடுற ஆளுதான், இருந்தாலும் இதை மட்டும் நான் நம்புறேன்.