வேலை போயி, பிள்ளைங்க பிரிஞ்சு, உடம்பு படுத்தி... அப்புறம் யோகா பக்கம் வந்தவங்க அனுபவத்தச் சொல்லுங்க

வெள்ளைக்காகிதம்:
ரொம்ப வருஷம் ஒரே கம்பெனி ஒரே சீட், திடீர்னு எங்க டிபார்ட்மென்ட்டையே மூடிட்டாங்க. ஆறுதல் சொல்ல வந்தவங்க எல்லாரும் "புது ஆரம்பம்னு நினைச்சுக்கோ"ன்னாங்க, அதக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். நாமளா ஆரம்பிச்சாதானே ஆரம்பம், கழுத்தப் புடிச்சுத் தள்ளிவிட்டதுக்கு என்ன பேரு? காலைல வழக்கம்போல முழிப்பு வந்துரும் ஆனா கிளம்பிப் போக இடம் இல்ல, அந்த நேரத்த எதையாவது வச்சு ஓட்டணும்னுதான் யோகா கிளாஸ்ல சேந்தேன், மத்தபடி ஆன்மிகம் கீன்மிகம் ஒண்ணும் இல்ல.

மாஸ்டர் முதல்ல ஆசனமே சொல்லித் தரல. மூச்சு மட்டும்தான். நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு, அவ்ளோதான். எனக்கு இதுல நம்பிக்கை இல்லன்னு மூஞ்சியிலயே தெரிஞ்சிருக்கும் போல, மணிக்கட்டுல நாடியப் புடிச்சுப் பாருங்கன்னார். இழுக்கும்போது துடிப்பு லேசா வேகமாகுது, நீட்டி விடும்போது மெதுவாகுது, விரலுக்கு அடியில நல்லாவே தெரியுது. இது எல்லார் உடம்புலயும் நடக்கறதுதான் சார், நாம கவனிக்கறதில்லன்னார்.

அப்புறம் பாதஹஸ்தாசனம். குனிஞ்சா என் விரல் முழங்காலத் தாண்டல. நான் பாட்டுக்கு வெடுக்கு வெடுக்குன்னு ஆட்டி ஆட்டி இறக்கப் பாத்தேன். "சட்டுனு இழுத்தா தசை தன்னக் காப்பாத்திக்க இன்னும் இறுக்கிக்கும். எட்டுன இடத்துலயே நில்லுங்க, மூச்ச விடுங்க"ன்னார். நின்னேன். கொஞ்ச நேரத்துல பின்தொடை தானா ஒரு விரற்கடை விட்டுக் குடுத்துச்சு. இத வச்சு தத்துவம் பேசப் போறதில்ல. ஆனா அன்னைக்கு வீட்டுக்கு வந்து ரெஸ்யூமே ஃபைல ஓப்பன் பண்ணேன், அதுவரைக்கும் அந்த ஃபோல்டர் பக்கமே போகல.

உங்களுக்கு எப்படி?

அம்முலு:
எனக்கு சவாசனம்தான் சார். பாக்க என்னமோ சும்மா படுத்துக் கிடக்கற மாதிரி இருக்கும், எல்லாத்துலயும் கஷ்டமானது அதுதான்னு என் டீச்சர் சொல்லுவாங்க. ரெண்டு பிள்ளைங்களும் வெளியூர் போயாச்சு, வீடு முழுக்க நான் மட்டும்தான், ஆனா யாராவது கேட்டா "நல்லாருக்கேன், ஃப்ரீயா இருக்கேன்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுத் திரிஞ்சேன். ஒருநாள் படுத்திருக்கேன், கண்ணோரமா தண்ணி வழிஞ்சு காதுக்குள்ள போகுது, எனக்கே தெரியல அழறேன்னு. டீச்சர் ஒண்ணும் கேக்கல, ஒரு போர்வைய எடுத்துப் போத்திவிட்டுட்டு அடுத்த ஆளப் பாக்கப் போயிட்டாங்க. அந்த ஒண்ணும் கேக்காததுதான் எனக்கு வேண்டியிருந்துச்சு.

அதுக்கப்புறம் மேட்ட சுருட்டறதுக்கு முன்னாடி ஒரு நோட்ல ரெண்டு வரி எழுதிடுவேன். யோக சூத்திரம் எழுதுன பதஞ்சலி, நாம கடைப்பிடிக்கணும்னு சொல்ற அஞ்சு நியமத்துல ஸ்வாத்யாயமும், அதாவது தன்னைத் தானே படிக்கறதும், ஒண்ணு இல்லையா, அதுக்கு என்னால முடிஞ்சது இவ்ளோதான். என்னைய நானே திட்டி எழுதறதில்ல, நேத்து எதத் தள்ளிப்போட்டேன், எதுக்குக் கோவப்பட்டேன், அது மட்டும். பழைய பக்கத்தப் பொரட்டுனா ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருது பாருங்க, அங்கதான் சங்கதியே இருக்கு. எனக்கு அது கார் ஓட்டக் கத்துக்கறது. சேந்துட்டேன்!

சும்மாஒருத்தி:
எல்லாரும் நல்லதா எழுதறீங்க, நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன் கோச்சுக்காதீங்க. அப்பா போன புதுசுல யோகா பண்ணு மனசு அமைதியாகும்னு சொல்லி அனுப்பி வச்சாங்க. கண்ண மூடுன்னதும் ஆஸ்பத்திரி வாசல்தான் வருது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, எந்திரிச்சு வெளிய ஓடிட்டேன். அந்த கிளாஸ்ல "எதிர்த்துப் போராடாதீங்க, அப்படியே ஏத்துக்குங்க"ன்னு மறுபடி உக்கார வச்சாங்க, அங்க போறதையே நிறுத்திட்டேன். பொறவு வேற ஒரு அக்காகிட்ட போனேன், அவங்க கண்ணத் தொறந்தே வச்சுக்கோ, படுக்க வேணாம், நின்னுகிட்டுப் பண்றதா பண்ணுவோம்னாங்க. வீரபத்ராசனத்துல முன்கால் மடிஞ்சிருக்கும்போது தொடை நடுங்கும் பாருங்க, அப்ப வேற எந்த நெனப்பும் வராது, அதுவே எனக்குப் போதுமா இருந்துச்சு. கூடவே கவுன்சிலிங்கும் போனேன். யோகா மட்டுமே எல்லாத்தையும் சரி பண்ணிடும்னு யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன். மாற்றத்த ஏத்துக்கறதுக்கும் ஒரு நேரம் வரணும், அதுக்கு முன்னாடி அவசரப்படுத்தக் கூடாது.

அம்முலு:
கோவம் எதுக்கும்மா, இதத்தான் முதல்ல எழுதியிருக்கணும். மூச்ச அடக்கற பிராணாயாமம் எல்லாம் பதட்டம் இருக்கறவங்க எடுத்தவொடன ஆரம்பிக்கவே கூடாது.

பழையசைக்கிள்:
ரிட்டயர் ஆன கையோட முழங்கால் ஆபரேஷன். சம்மணம் போட்டு உக்காரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார், அப்புறம் எங்க யோகான்னு விட்டுட்டேன். நாற்காலில உக்காந்தே பண்ணலாம்னு ஒரு தம்பி கூட்டிட்டுப் போனார். பெரிய யோகா குரு பி.கே.எஸ். அய்யங்கார் 1918ல பொறந்தவர், சின்ன வயசுல மலேரியா டைஃபாய்டு காசநோய்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்து நோஞ்சானா இருந்தவராம். பெல்ட், கட்டை, நாற்காலின்னு வச்சு முடியாதவங்களுக்கும் ஆசனத்தக் கொண்டுபோனதுல அவருக்குப் பெரிய பங்கு. அவரோட குரு கிருஷ்ணமாச்சாரி, கிருஷ்ணமாச்சாரியோட மகன் தேசிகாச்சார், அவங்க வழியில யோகாவ ஆளுக்குத் தக்கபடி மாத்தணுமே தவிர ஆள யோகாவுக்காக ஒடிக்கக் கூடாது. பதஞ்சலியும் ஆசனம்னா ஸ்திரமா சுகமா இருக்கணும்னு சொல்லிட்டு நகந்துடறார், கால இப்படி முறுக்குன்னு எங்கயும் சொல்லல.

எனக்கு நெசமா மாறுனது என்னன்னா, ஒருத்தர்கிட்ட "இது எனக்கு முடியல, உதவி பண்ணு"ன்னு கேக்க வாய் வருது. ஆபீஸ்ல அத்தன வருஷம் உத்தரவு போட்டே பழகுனவன். வீட்டுக்காரம்மா இன்னும் நம்பல, அது வேற கதை.

ஒண்ணு மட்டும், பிபி அதிகமா இருக்கறவங்க, கண்ணுல கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) இருக்கறவங்க, தலைகீழா நிக்கற சிரசாசனம் பக்கமே போகாதீங்க.

வெள்ளைக்காகிதம்:
சைக்கிள் சார், நாற்காலி மேட்டர் எங்க அம்மாகிட்ட சொல்லிட்டேன், முட்டி வலிக்குன்னு நடக்கறதையே கொறச்சுட்டாங்க. அப்புறம் நம்ம கத, வேலை கெடச்சுது, சம்பளம் பழையதவிடக் கம்மி, டீம் லீடர் என்னவிட ரொம்பச் சின்னப் பையன், சில நாள் உறுத்தும். முந்தி மாதிரி பதிலுக்குப் பாயாம ஒரு மூச்ச நீட்டி விட்டுட்டுப் பேசறேன், சில நாள் அதுவும் வேலை செய்யல. இப்ப ஷிஃப்ட் மாறிட்டதால காலைல கிளாஸ் போக முடியல, ராத்திரி பண்ணலாமா?

பழையசைக்கிள்:
தாராளமா பண்ணுங்க தம்பி. சாப்ட்டு ரெண்டு மூணு மணி நேரம் விட்டுப் பண்ணுங்க, பின்னாடி வளையறதெல்லாம் அப்ப வேணாம், தூக்கம் வராது. செவுத்துல கால ஏத்தி வச்சுப் படுக்கறது, மெதுவா மூச்சு, அது போதும்.