லுய்டு: முதல் ஒலிக்குக் கலைச்சொல் தேவை

மடல் 1

குழுவினருக்கு வணக்கம். நாம் லாய்டு என்று எழுதும் குடும்பப்பெயரின் வெல்ஷ் (வேல்ஸ் நாட்டு மொழி) வடிவம் லுய்டு. பொருள்: நரைநிறம். தொடக்கத்தில் ஆளின் பெயருக்குப் பின்னால் ஒட்டிய அடைமொழி இது. பெரும்பாலும் முடியின் நிறத்தைப் பார்த்து வைத்தது. பழுப்பும் இந்தச் சொல்லில் அடங்கும். பொட்டலம் மடிக்கும் பழுப்புத்தாளுக்கும் இதே அடைதான்.

முதல் ஒலிதான் சிக்கல். இரண்டு 'எல்' போட்டு எழுதினாலும் வெல்ஷ் நெடுங்கணக்கில் அது ஒரே எழுத்து. குறுக்கெழுத்திலும் ஒரே கட்டம். ஆகவே 'ல்ல' என்று இரட்டிப்பது பிழை. ஒலிக்கும் முறை: நாக்கை 'ல்' நிலையில் வைத்து அப்படியே நிறுத்துங்கள். குரலை விட்டுவிட்டு மூச்சை மட்டும் நாக்கின் ஓரமாகப் பலமாகத் தள்ளுங்கள். கடைவாய்ப் பக்கம் காற்று சீற வேண்டும். தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரியக் கூடாது. நாநுனி இடம்விட்டு நகர்ந்தால் 'ஸ்ல', 'த்ல' என்று குழம்பும்.

'ஒலிப்பிலா லகரம்' என்று பெயரிடலாமா?

மடல் 2

> ஒலிப்பிலா லகரம்

போதாது ஐயா. பர்மிய மொழியில் 'அழகு' என்னும் சொல்லின் முதல் ஒலியும் குரலற்ற லகரமே. ஆனால் அதில் உரசல் இல்லை, மூச்சோடு வழுக்கிப் போகும். வெல்ஷ் ஒலியின் உயிரே உரசல்தான். மருங்கொலி (காற்று நாக்கின் ஓரமாகப் போகும் ஒலி), உரசொலி (காற்று உரசிப் பிறக்கும் ஒலி) இரண்டும் மொழியியலில் ஏற்கெனவே வழங்குபவை. சேர்த்தால் மருங்குரசொலி. தென்னாப்பிரிக்காவின் சூலு மொழியில் இதன் குரலுள்ள இணையும் இருப்பதால் 'ஒலிப்பிலா' என்ற அடையை விட முடியாது.

மடல் 3

மருங்கு என்றால் இலக்கியம் படித்தவருக்கு இடுப்புதான் நினைவுக்கு வரும்! லகர ளகரப் பிறப்பைச் சொல்லும் தொல்காப்பியம் 'நாவிளிம்பு வீங்கி' என்கிறது. காற்று போகும் வழியும் அதுவே. விளிம்புரசொலி என்போம்.

எழுதுவதற்கு 'ஃல' பொருந்தும். அல் + திணை அஃறிணை ஆகிறதே. லகரத்துக்கும் ஆய்தத்துக்கும் பழைய உறவு. வெல்ஷ் புணர்ச்சியில் இந்த ஒலி மெலிந்தால் வெறும் லகரமாகிவிடும். வேல்ஸின் லனெலி ஊரின் முதல் ஒலி, வெல்ஷில் 'லனெலிக்கு' என்று சொல்லும்போது சாதாரண 'ல' ஆகிறது. ஆய்தத்தை எடுத்தால் நமக்கும் அதே விளைவு.

மடல் 4

> எழுதுவதற்கு 'ஃல' பொருந்தும்

அழகான வாதம்தான், நடைமுறையில் கவிழ்ந்துவிடும். ஆய்தம் குறிலுக்குப் பின்னும் வல்லினத்துக்கு முன்னும் வருவது, சொல்முதலில் வராது. இதையாவது பெயர்ச்சொல் என்று மன்னிக்கலாம். பெரிய ஆபத்து வேறு. 'ஃப' பழகிய கண்ணுக்கு ஆய்தமே ஃபகரமாகத் தெரிகிறது. 'ஃலுய்டு' என்று போட்டால் 'ஃப்லுய்டு' என்றுதான் படிப்பார்கள். ஆங்கிலேயர் காதும் இப்படித்தான் ஏமாந்தது: லுய்டு ஃபிளாய்டு ஆயிற்று, லவெலின் என்னும் வெல்ஷ் பெயர் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஃபுளுவெல்லன் ஆயிற்று. அவர்கள் காதால் செய்த பிழையை நாம் எழுத்தால் செய்ய வேண்டாம். 'ஹ்ல' போட்டால் இரண்டு ஒலியாகப் பிரியும்.

வெறும் 'ல' போதும். ஒலிப்புக் குறிப்பை முதல் இடத்தில் மட்டும் தரலாம். 17ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் மார்கன் லுய்டு வெல்ஷ் எழுத்துக்கூட்டலில் வருபவர். அவருக்குக் குறிப்பு வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் வரும் லாய்டுக்கு வேண்டாம், அதைச் சாதாரண லகரமாகச் சொல்வதே பெருவழக்கு. 1916 முதல் 1922 வரை பிரிட்டன் பிரதமராக இருந்தவரைப் பெயர்ப் பட்டியலின் 'லா' வரிசையில் லாய்டு ஜார்ஜ் என்றே வையுங்கள். பிறப்பால் குடும்பப்பெயர் ஜார்ஜ். லாய்டு, வளர்த்த தாய்மாமனின் பெயர். ஆனாலும் இரண்டும் சேர்ந்தே வழங்கிவிட்டன.

மடல் 5

'ல' முடிவுக்கு உடன்பாடு. கலைச்சொல்லில் மருங்குரசொலி பக்கமே சாய்கிறேன். மருங்கொலியைப் படித்த மாணவர் அடுத்த பக்கத்தில் விளிம்புரசொலியைக் கண்டால் வேறு இனம் என்று நினைப்பார். விளிம்பு வரையறையில் இருக்கட்டும்:

ஒலிப்பிலா மருங்குரசொலி: நாநுனி மேற்பல் ஈற்றை ஒற்றி நிற்க, குரலின்றி மூச்சு நாவிளிம்பை உரசி வெளியேறப் பிறக்கும் ஒலி.

ஒரு வேண்டுகோள்: வரி முடிவில் 'மருங்-குரசொலி' என்று உடைக்காதீர்கள். உடைக்க நேர்ந்தால் 'மருங்கு உரசொலி' என்று பிரித்தே எழுதுங்கள்.