ஸ்மார்ட் மீட்டர் அனுபவங்கள்: பிரிட்டன் வீடுகளில் கரண்டும் காஸும்

காஸ் ஃபிட்டர், ஈஸ்ட் ஹாம்

ரீடிங்கைத் தானே சப்ளையருக்கு அனுப்புற ஸ்மார்ட் மீட்டர் வேலைகளில் பார்த்த சங்கதிகளை இந்த இழையில் போடுங்கோ. நான் காஸ் பக்கத்திலிருந்து தொடங்குறன். வாக்குவாதம் கூட வாறது அங்கதான்.

பழைய மீட்டரில் கை வைக்க முன்னமே கசிவுச் சோதனை செய்யவேணும். அழுத்தத்தை 20–21 மில்லிபாருக்கு ஏற்றி, வால்வைப் பூட்டி, ஒரு நிமிடம் நிலைப்பட விட்டு, பிறகு 2 நிமிடம் அளவுமானியைப் பார்க்கிறது. சாதாரண வீட்டு மீட்டர், 28 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழாய், அடுப்பும் பாய்லரும் பூட்டினபடி என்றால் 4 மில்லிபார் வரை இறங்கலாம், அதுவும் காஸ் மணம் துளியும் இல்லாவிட்டால்தான். அதைத் தாண்டினால் ஃபிட்டருக்கு வேறு வழியில்லை. காஸை நிற்பாட்டி, மூடி, அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போகவேணும்.

வீட்டுக்காரர் நினைக்கிறது "மீட்டர் மாத்த வந்தவன் உடைச்சுப் போட்டான்" என்று. கசிவு அங்கே ஏற்கெனவே இருந்தது, அளந்து பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான். மீட்டரின் வெளிவாயிலுக்கு அப்பால் உள்ள குழாய் வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு, அதைத் திருத்தித் தர சப்ளையர் கடமைப்பட்டவர் இல்லை. நான் கண்ட இடங்களில் முக்கால்வாசி குக்கருக்குப் பின்னால் உள்ள ரப்பர் ஹோஸ், அடுப்பு மேல்தட்டுத் (ஹோப்) திருகின் தண்டு, கொங்கிரீட்டுக்குள் பதித்த பழைய செப்புக் குழாய். சந்தேகம் இருந்தால் காஸ் சேஃப் (காஸ் வேலை செய்ய அனுமதி உள்ளவர்களின் பட்டியல்) பதிவுள்ள ஒருவரைக் கூப்பிட்டு முன்கூட்டியே சோதியுங்கோ. மார்கழி மாதம் வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் நேரம் எடுக்காதேங்கோ, மூடிவிட்டுப் போனால் திங்கள் வரை குளிரில் இருக்கவேண்டி வரும்.

இன்னொன்று: புது மீட்டர் பூட்டின பிறகு ஒவ்வொரு அடுப்பையும் ஹீட்டரையும் கொளுத்திப் பார்க்கவேணும். வாடகைக்கு விட்ட அறைக்குள் காஸ் ஹீட்டர் இருந்து கதவு பூட்டியிருந்தால் வேலை முடியாது. திறப்பை முதலே வாங்கி வையுங்கோ.

பில் பிரிவு, லெஸ்டர்

அண்ணா சொன்ன காஸிலேயே பில் பக்கம் ஒரு பெரிய குழி இருக்கிறது. மீட்டர் அளப்பது கன அளவு, பில் வருவது கிலோவாட் மணியில். கணக்கு இதுதான்: கன மீட்டர் × 1.02264 × வெப்ப மதிப்பு ÷ 3.6. வெப்ப மதிப்பு பில்லிலேயே அச்சாகியிருக்கும், பெரும்பாலும் 38-க்கும் 41-க்கும் நடுவில். 100 கன மீட்டர், வெப்ப மதிப்பு 39.5 என்றால் ஏறக்குறைய 1,122 கிலோவாட் மணி.

பழைய மீட்டர் நூறு கன அடியில் அளப்பது, அதற்கு மட்டும் கூடுதலாக 2.83-ஆல் பெருக்குவார்கள். மீட்டரை மாற்றிய பிறகும் கணினிப் பதிவில் பழைய வகையே நின்றுவிட்டால், அதே 100 யூனிட் 3,175 கிலோவாட் மணியாகப் பில்லில் வரும். குளிர்காலமாக இருந்தால் "ஹீட்டிங் கூடுதலாக ஓடியிருக்கும்" என்று வீட்டில் ஏற்றுக்கொண்டு கட்டிவிடுகிறார்கள், அதுதான் வேதனை. மீட்டரின் முகத்தில் கன மீட்டர் குறி இருந்து பில்லில் 2.83 என்ற எண்ணும் இருந்தால் உடனே எழுத்தில் முறையிடுங்கள்.

மாற்றும் நாளில் மூன்று படம் எடுங்கள்: பழைய மீட்டரின் கடைசி ரீடிங், அதன் வரிசை எண், புது மீட்டரின் தொடக்க ரீடிங். பழைய மீட்டர் வேனில் ஏறிப் போய்விட்டால் அதன் ரீடிங்கை நிரூபிக்க வேறு எதுவும் கிடைக்காது. சப்ளையர் தவறால் பில் வராமல் கிடந்து பிறகு மொத்தமாக வந்தால், 12 மாதத்துக்கு முந்தைய பயன்பாட்டுக்குக் காசு கேட்க முடியாது. 2018 முதல் வீட்டு இணைப்புகளுக்கு ஆஃப்ஜெம் (கரண்ட், காஸ் கட்டுப்பாட்டு அமைப்பு) விதி அது.

எலெக்ட்ரீஷியன், ஹாரோ

"மீட்டர் டம்மியாகிவிட்டது", அதாவது ரீடிங்கைத் தானாக அனுப்பவில்லை, என்று எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவற்றில் மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, தொடர்புதான் அறுந்திருக்கும்.

மின் மீட்டரின் தலையில் உட்கார்ந்திருக்கும் பெட்டிதான் கம்யூனிகேஷன் ஹப். அது மின் மீட்டரிலிருந்தே கரண்ட் எடுக்கிறது. காஸ் மீட்டரில் பேட்டரி மட்டும்தான், அதனால் அது தூங்கிக்கொண்டே இருக்கும், அரை மணிக்கு ஒருமுறை விழித்து ஹப்பிடம் ரீடிங்கைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கும். வீட்டுத் திரையில் கரண்ட் கணக்கு 10 விநாடிக்கு ஒருமுறை மாறும்போது காஸ் அரை மணி அப்படியே நிற்பது பழுது அல்ல.

ஹப்பில் சின்ன விளக்குகள் இருக்கும். ஐந்து விநாடிக்கு ஒருமுறை நிதானமாக மினுங்கினால் சரி. வெளித் தொடர்பு விளக்கு அதைவிட வேகமாக மினுங்கினால் சிக்னலைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இங்கிலாந்தின் தெற்கிலும் நடுவிலும் வேல்ஸிலும் இந்தத் தொடர்பு மொபைல் வலையில் போகிறது, வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஆர்கிவா நிறுவனத்தின் நெடுந்தூர ரேடியோவில். தெற்கே அடித்தளத்தில், இரும்புப் பெட்டிக்குள் மீட்டர் இருந்தால் சிக்னல் எட்டாது. வெளி ஆன்டெனா வைக்கக்கூடிய ஹப் வகை உண்டு, அதையே கேளுங்கள். பழைய 2ஜி, 3ஜி ஹப்புகளுக்குப் பதில் 4ஜி ஹப் வரத் தொடங்கிவிட்டது. 2ஜி வலையே 2033-க்குள் மூடப்படும் என்பதால் இன்று புதிதாகப் பொருத்தும் வீட்டில் 4ஜி கேட்பது நியாயம்.

அடுக்குமாடியில் பிரச்சினை வீட்டுக்குள்ளேயே இருக்கும். மீட்டர் தரைத்தளத்தில், வீடு ஆறாம் மாடியில். மீட்டரும் வீட்டுத் திரையும் பேசிக்கொள்ளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஜிக்பீ ரேடியோ இத்தனை கொங்கிரீட்டைத் துளைக்காது. 868 மெகாஹெர்ட்ஸும் சேர்ந்த இரட்டை அலைவரிசை ஹப் வந்தபின் பல வீடுகளில் சரியானது.

ஒரு சோதனை எல்லோரும் செய்யலாம். மின் மீட்டரில் மினுக்கும் விளக்குக்கு அருகே "1000" என்று போட்டிருக்கும், ஆயிரம் மினுக்கு ஒரு யூனிட். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பாருங்கள். அணைத்தபிறகும் மினுக்கினால் நீங்கள் பார்ப்பது பக்கத்து வீட்டு மீட்டராக இருக்கலாம். பிரித்துக் கட்டிய பழைய வீடுகளில் இது நான் நினைத்ததைவிட அதிகம். பிறகு 3 கிலோவாட் கெட்டிலை மட்டும் போடுங்கள், நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 மினுக்கு வரவேண்டும்.

கேள்வி, இல்ஃபோர்ட்

அண்ணா, சப்ளையரை மாற்றினால் மீட்டர் டம்மியாகும் என்று இன்னமும் சொல்கிறார்களே?

மீட்டர் ஒப்பந்தப் பிரிவு, ரெடிங்

தம்பி, அந்தப் பேச்சு பழைய ஸ்மெட்ஸ் 1, அதாவது முதல் தலைமுறை ஸ்மார்ட் மீட்டர், காலத்தது. அப்போது ஒவ்வொரு சப்ளையரும் தனித்தனித் தொடர்பு வைத்திருந்தார்கள், புது சப்ளையரால் அந்த மீட்டரோடு பேச முடியவில்லை. இரண்டாம் தலைமுறையான ஸ்மெட்ஸ் 2 எல்லாம் டிசிசி என்ற ஒரே பொது வலை வழியாகப் போகிறது, பழையவற்றையும் 2019 முதல் அதில் சேர்த்துவந்தார்கள். ஆனால் மொத்தக் கதை முடியவில்லை. 2023 மார்ச் நிலவரப்படி 9 சதவீதம், அதாவது சுமார் 30 லட்சம் மீட்டர்கள் சரியாக இயங்கவில்லை என்று தேசியத் தணிக்கை அலுவலகமே எழுதியது.

பலருக்குத் தெரியாத விஷயம்: சுவரில் இருக்கும் மீட்டர் பெரும்பாலும் உங்களுடையதும் அல்ல, உங்கள் சப்ளையருடையதும் அல்ல. மீட்டர் சொத்து வழங்குநர் என்று ஒரு தரப்பு முதல் போட்டு வாங்கிப் பொருத்தி, சப்ளையரிடம் நாள் வாடகை வாங்குகிறது. நீங்கள் சப்ளையரை மாற்றினால் வாடகை கட்டும் பொறுப்பும் புது சப்ளையருக்குப் போகும். புதியவருக்கு அந்த வாடகை ஒப்பந்தம் இல்லை என்றாலோ, ஆயுள் முடியுமுன் கழற்றினாலோ, கட்டணம் ஏறும். ஸ்மெட்ஸ் 1 காலத்தில் நன்றாக ஓடிய மீட்டர்கள் கழற்றி எறியப்பட்டதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. கடைசியில் அந்தச் செலவு எல்லோர் பில்லிலும்தான் விழுகிறது, "இலவச மீட்டர்" என்ற சொல்லை நான் அதனால் ஏற்பதில்லை.

பொருத்துநர் "கட்-அவுட் (மீட்டருக்கு முன்னால் உள்ள பிரதான ஃபியூஸ் பெட்டி) சரியில்லை" என்று திரும்பிப் போனால் சப்ளையரோடு மோதிப் பயனில்லை. தெருவிலிருந்து வரும் கேபிளும் அந்த ஃபியூஸ் பெட்டியும் விநியோக வலையின் சொத்து, கிழக்கு லண்டனில் யூகே பவர் நெட்வொர்க்ஸ். அவர்களை அழைத்துச் சரிசெய்தபின் மறுநேரம் எடுங்கள். வருபவரிடம் மீட்டருக்கும் ஃபியூஸ் போர்டுக்கும் நடுவே ஐசொலேட்டர் சுவிட்ச் போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பின்னால் போர்டு மாற்றும் நாளில் கட்-அவுட்டின் முத்திரையை உடைக்க வேண்டியிராது.

வீட்டு நிர்வாகி, கிளாஸ்கோ

தெற்கில் இருப்பவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. இங்கே காஸ் இல்லாத மாடிகளில் இரவுக் கரண்டில் செங்கலைச் சூடாக்கி வைக்கும் ஸ்டோரேஜ் ஹீட்டர்தான். அதை ஆன்-ஆஃப் செய்தது பிபிசி ரேடியோ 4-இன் 198 கிலோஹெர்ட்ஸ் நெட்டலையில் ஏறி வந்த சமிக்ஞை. அந்த ரேடியோ டெலிசுவிட்ச் சேவையை 2025 ஜூன் 30 முதல் கட்டம் கட்டமாக நிறுத்தத் தொடங்கினார்கள். நின்றால் ஹீட்டர் நாள் முழுக்க ஓடலாம், ஓடாமலே கிடக்கலாம், விலை கூடிய பகலில் ஏறலாம்.

இந்த வீடுகளுக்குச் சாதாரண நான்கு முனை மீட்டர் போதாது. ஐந்தாம் முனையுள்ள மீட்டர் வேண்டும், அந்த முனையில்தான் ஹீட்டர் சர்க்யூட்டும் வெந்நீர்த் தொட்டியும் சேரும். நேரம் எடுக்கும்போதே "டெலிசுவிட்ச் இருக்கிறது, ஹீட்டருக்குத் தனி சர்க்யூட்" என்று சொல்லி, பழைய மீட்டர், டெலிசுவிட்ச் பெட்டி, இரண்டு ஃபியூஸ் போர்டு எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்புங்கள். சொல்லாவிட்டால் தவறான மீட்டரோடு ஆள் வந்து திரும்பிப் போவார்.

பொருத்திய அன்று இரவே பாருங்கள். மலிவு நேரம் தொடங்கியதும் மீட்டர் விளக்கு வேகமாக மினுக்க வேண்டும், காலையில் ஹீட்டர் தொடச் சூடாக இருக்க வேண்டும். மலிவுக் கணக்கும் பகல் கணக்கும் மாறிப் பதிவாகியிருந்தால், பகலில் ஒன்றும் ஓடாத வீட்டில் பகல் ரீடிங் விறுவிறுவென்று ஏறும். இரண்டு ரீடிங்கையும் இரவு படுக்குமுன் ஒருமுறை, எழுந்ததும் ஒருமுறை என்று ஒரு வாரம் குறித்து வைத்து, அந்தத் தாளோடு பேசுங்கள்.