"உமக்குச் சித்தமானால்" என்று ஜெபிப்பது அவிசுவாசமா?

ரப்பர்க்காட்டு டீச்சர், அருமனை:
போன வெள்ளிக்கிழமை பாறசாலைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் உபவாச ஜெபம். படுத்திருப்பவள் என்னோடு இருபது வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். இரண்டு கிட்னியும் போய்விட்டது, வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ். அவளுடைய வீட்டுக்காரர் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, உமக்குச் சித்தமானால் இவளை எழுப்பும்" என்று ஜெபித்தார். ஆமென் சொல்வதற்குள் அங்கே வந்திருந்த ஒரு தம்பி இடையில் புகுந்து, "அங்கிள், சித்தமானால் என்று சொல்லாதீர்கள், அது அவிசுவாசம், அந்த ஒரு வார்த்தையால் கதவை நீங்களே சாத்திவிட்டீர்கள்" என்றார். மனிதர் அப்படியே வாயை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் எல்லாரும் சத்தம் போட்டு ஜெபித்தார்கள், அவர் மட்டும் பாய் ஓரத்துக் கோரையை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு இன்னும் ஆறவில்லை. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் நம்முடைய ஆண்டவர் என்ன ஜெபித்தார்? லூக்கா 22:42. "பிதாவே, உமக்குச் சித்தமானால்." அவருக்கும் விசுவாசம் இல்லையா? யாராவது பதில் சொல்லுங்கள்.

பாறசாலை விசுவாசி:
அந்தத் தம்பி நான்தான் டீச்சர். பெயர் போடாமல் எழுதினால் எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? அங்கே வைத்தே என்னிடம் கேட்டிருக்கலாம், கட்டன்சாயா குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டு இங்கே வந்து எழுதுகிறீர்கள். சரி, பதில் இதோ. மத்தேயு 8. குஷ்டரோகி வந்து "உமக்குச் சித்தமானால்" என்றான். இயேசு என்ன சொன்னார்? "எனக்குச் சித்தமுண்டு, சுத்தமாகு." பதில் வந்துவிட்டது. பதில் வந்த கேள்வியை இரண்டாயிரம் வருஷமாகத் திரும்பத் திரும்பக் கேட்பதற்குத் தாழ்மை என்று பெயர் வைக்காதீர்கள். கெத்செமனே சிலுவையைப் பற்றிய ஜெபம், வியாதியைப் பற்றியது இல்லை.

ரப்பர்க்காட்டு டீச்சர், அருமனை:
நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும் தம்பி. மரியாதைக்காகப் பெயரை விட்டேன். சிலுவைக்கு ஒரு ஜெபம், வியாதிக்கு ஒரு ஜெபம் என்று பங்கு வைத்துக் கொடுக்க உங்களை யார் ஏற்படுத்தியது? அந்தக் குஷ்டரோகியை இயேசு கடிந்துகொண்டாரா? "சித்தமானால்" என்று ஏன் சொன்னாய் என்று கேட்டாரா? கையை நீட்டித் தொட்டார். கடிந்துகொண்டது வேறொருவனை. மாற்கு 9:22, மகனைக் கூட்டிக்கொண்டு வந்த தகப்பன், "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்" என்றான். "கூடுமானால்" என்பது அவருடைய வல்லமையைச் சந்தேகிப்பது. குஷ்டரோகி அப்படிக் கேட்கவில்லை, "உமக்குச் சித்தமானால், என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும்" என்றான். உம்மால் ஆகும்! வல்லமையில் துளிகூடச் சந்தேகம் இல்லை, முடிவை மட்டும் அவர் கையில் விட்டான். என் சிநேகிதியின் வீட்டுக்காரரும் அதைத்தான் செய்தார்.

பாறசாலை விசுவாசி:
"கூடுமானால்" சந்தேகமா? அப்படியானால் மத்தேயு 26:39ஐ எடுத்து வாசியுங்கள். "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால்." பாத்திரம் என்றால் வரப்போகிற பாடுகள். சொன்னது இயேசு. அவரும் வல்லமையைச் சந்தேகித்தார் என்கிறீர்களா? பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த மாதிரி இங்கேயும் பாதி வசனத்தை மட்டும் கரும்பலகையில் எழுதாதீர்கள்.

ரப்பர்க்காட்டு டீச்சர், அருமனை:
அதே இடத்தை மாற்கு எப்படி எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். 14:36, "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும்." அதற்கப்புறம்தான், "ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல." தொடக்கம் மூன்று சுவிசேஷத்திலும் மூன்று விதமாக இருக்கலாம், அந்தப் பிற்பாதி மூன்றிலும் இருக்கிறது. நீங்கள் வாயை அடைத்தது அந்தப் பிற்பாதியைத்தான்.

கோட்டாறு செபமாலை:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். மத்தேயு 26:42இல் இரண்டாம் முறை செபிக்கும்போது இயேசு சொல்வதும், அவரே கற்றுக்கொடுத்த செபத்தில் 6:10இல் வருவதும் கிரேக்கத்தில் ஒரே சொற்கள். "உமது திருவுளம் நிறைவேறுக." பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததையே இரத்த வியர்வை வேளையில் தானும் சொன்னார். நம் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டப் பிள்ளை, வீட்டில் அடிமேல் அடி விழுந்து நொந்துபோயிருந்த நேரத்தில் திருவிதாங்கூர் படைத்தலைவர் டிலனாய் அவருக்குச் சொன்னது யோபுவின் கதை. "ஆண்டவர் கொடுத்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார்." அதைக் கேட்டுத்தான் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுடப்படும்வரை விசுவாசத்துக்காக விலங்கோடு இருந்தார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று பாறசாலைத் தம்பி சொல்வாரா?

பாறசாலை விசுவாசி:
யோபு அண்ணா, யோபு! 42 அதிகாரம் இருக்கிறது. நீங்கள் எல்லாரும் முதல் அதிகாரத்தில் "கர்த்தர் எடுத்தார்" வந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறீர்கள். அதற்கப்புறம் அந்த மனிதன் கடவுளோடு வழக்காடினான், விடவில்லை. அப்புறம் அது "திருவுளம்" இல்லை, வேதத்தில் "சித்தம்". செபம் இல்லை, ஜெபம்.

கோட்டாறு செபமாலை:
"ஜெ" போட்டால்தான் பரலோகத்துக்கு எட்டுமா? சித்தம் வடமொழி, திருவுளம் நல்ல தமிழ். 2022 மே 15 அன்று ரோமையில் புனிதராக உயர்த்தப்பட்டவரைப் பற்றிச் சொன்னால் எழுத்துப்பிழை பார்க்கிறீர்கள்.

உதியன்குளங்கரைக்காரன்:
எங்கள் பக்கம் மலையாளத்தில் சீர்திருத்த சபைக்காரர்கள் "நின்டெ இஷ்டம்" என்கிறார்கள், கத்தோலிக்கர்கள் "அங்ஙயுடெ திருமனஸ்" என்கிறார்கள். இஷ்டம் என்றால் ஆசை. ஒரு தகப்பனுடைய இஷ்டம் என்று கேட்கும்போது பயம் வருவதில்லை. தமிழில் "சித்தம்" என்றதும் ஏதோ கோர்ட் தீர்ப்பு மாதிரி ஆகிவிடுகிறது. சண்டைக்குக் காரணமே இந்த வார்த்தைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. திருமனஸ் என்ற வார்த்தையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

ரப்பர்க்காட்டு டீச்சர், அருமனை:
1956 நவம்பர் 1 அன்றே குமரிக்காரர்கள் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தாயிற்று, மறுபடியும் மலையாளம் படிக்கச் சொல்லாதீர்கள். பேச்சை மாற்றவும் வேண்டாம். பாறசாலைத் தம்பி மாற்கு 9:22க்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

பளுகல் பையன்:
டீச்சர், ஒரு சந்தேகம். சித்தம் என்றால் கடவுள் விரும்புவதா, இல்லை அனுமதிப்பதா? அதை முதலில் முடிவு செய்தால் பாதி சண்டை குறையும் இல்லையா? அப்புறம், அந்த ஆன்ட்டிக்கு இப்போது எப்படி இருக்கிறது?

பாறசாலை விசுவாசி:
மத்தேயு 8:3க்கு டீச்சர் முதலில் பதில் சொல்லட்டும். "எனக்குச் சித்தமுண்டு." உண்டா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

தூத்தூர் கடல்புறம்:
நான் கடலுக்குப் போகிற ஆள், வசன எண் அதிகம் தெரியாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது என் சித்தப்பாவின் போட்டு கடலில் இருந்தது. எங்கள் ஊர், சின்னத்துறை, வள்ளவிளை எல்லாம் கோவிலில்தான் கிடந்தோம். கேட்காத ஜெபம் இல்லை. "கொண்டுவந்துவிட்டாய் ஆண்டவரே" என்று நடந்து முடிந்ததுபோல் நன்றி சொல்லி ஜெபித்தவர்களும் இருந்தார்கள், "உம் விருப்பம்" என்று மட்டும் சொல்லி அழுதவர்களும் இருந்தார்கள். இரண்டு வகையிலும் சிலர் வீட்டுக்கு ஆள் வந்தது, சிலர் வீட்டுக்கு வரவில்லை. எங்களுக்கு வரவில்லை. பிறகு ஒருவர் வீட்டுக்கு வந்து, நீங்கள் விசுவாசத்தோடு கேட்டிருந்தால் என்று ஆரம்பித்தார். என் சித்தி உலையில் போட வைத்திருந்த அரிசிச் சொளவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தம்பி, அந்தப் பார்வையை நீங்கள் பார்த்திருந்தால் போன வெள்ளிக்கிழமை அப்படிப் பேசியிருக்க மாட்டீர்கள்.

பாறசாலை விசுவாசி:
உங்கள் துக்கத்துக்கு நான் எதிர் பேசமாட்டேன் அண்ணா. ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கள். என் அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். அம்மா சபைப் பெரியவர்களிடம் போனாள். அவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "தேவசித்தம் மகளே, பொறுத்துக்கொள்." பதினோரு வருஷம் பொறுத்தாள். இடது காது இன்றைக்கும் கேட்காது. யாருடைய சித்தம் அது? நான் பன்னிரண்டு வயதில் ஓலைப்புரைக்குப் பின்னால் நின்று, "அப்பா குடியை விடவேண்டும், சித்தமானால் கித்தமானால் எல்லாம் கிடையாது" என்று கேட்டேன். விட்டார். அன்றைக்கு நான் அந்த வார்த்தையை விட்டேன். லூக்கா 18இல் அந்த விதவை நியாயாதிபதியை அலட்டிக்கொண்டே இருந்தாள், "உமக்குச் சித்தமானால் நியாயம் செய்யும்" என்று கேட்கவில்லை. நீங்கள் சொல்கிற தாழ்மை எத்தனை பேருக்குச் சோம்பேறித்தனத்தை மூடுகிற போர்வையாக இருக்கிறது தெரியுமா? கேட்டுக் கிடைக்காவிட்டால் வெட்கப்படவேண்டும் என்று பயந்து, முதலிலேயே தப்பிக்க வழி வைத்துக்கொண்டு ஜெபிக்கிறார்கள்.

ரப்பர்க்காட்டு டீச்சர், அருமனை:
உங்கள் அம்மாவிடம் அப்படிச் சொன்னவர்கள் தேவனுக்குக் கணக்குக் கொடுப்பார்கள். அது ஜெபமே இல்லை தம்பி, அடிக்கிறவனைக் காப்பாற்றுகிற பேச்சு. அடுத்தவள் முதுகில் விழுகிற அடியைப் பார்த்து "தேவசித்தம்" என்று சொல்வது வேறு, என் சொந்தப் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு "உம்முடைய சித்தம்" என்று நானே சொல்வது வேறு. கெத்செமனேயில் இயேசு தன் பாத்திரத்தைப் பற்றித்தான் சொன்னார், பேதுருவின் பாத்திரத்தைப் பற்றி இல்லை. அதுவும் ஒரே தடவை சொல்லிவிட்டு எழுந்து போகவில்லை, மூன்று தரம் கேட்டார். பவுல் தன் சரீரத்தில் குத்திய முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார், "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதிலோடு திரும்பினார். அதே பவுல் தன்னோடு வந்த துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதியோடு விட்டுவிட்டுத்தான் வந்தார், 2 தீமோத்தேயு 4:20. பவுலுக்கும் விசுவாசம் போதாது என்று சொல்லிவிடுங்கள், முடிந்தது.

எங்கள் அப்பா ரப்பர் பால்வெட்டுக்காரர். விடியற்காலை நான்கு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போவார். முதல் மரத்தடியில் முழங்கால் போடுவார், செருப்பைக் கழற்றிவிட்டு. மழை வந்தால் அன்றைக்கு வெட்டு இல்லை, கூலியும் இல்லை. "மழை வேண்டாம் ஆண்டவரே" என்று கேட்பார், கண்டிப்பாகக் கேட்பார், வாய்விட்டுக் கேட்பார். அப்புறம் "உம்முடைய சித்தம்" என்பார். மழை வந்துவிட்டால் பால் பிடிக்கிற சிரட்டைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு வருவார். முகத்தில் கோபம் இருக்காது. கடைசிவரை அவர் பிச்சைக்காரனும் ஆகவில்லை, சோம்பேறியும் ஆகவில்லை. அவர் வைத்துக்கொண்டது தப்பிக்கிற வழியா?

பாறசாலை விசுவாசி:
நல்ல மனிதர். ஆனால் மழையும் கிட்னியும் ஒன்று இல்லை. மத்தேயு 8:3க்குப் பதில் வரவில்லை.

கோட்டாறு செபமாலை:
மத்தேயு 26:42க்கும் பதில் வரவில்லை.

ரப்பர்க்காட்டு டீச்சர், அருமனை:
8:3இல் அந்த மனிதனுக்கு "சித்தமுண்டு" என்றார். யோவான் 5இல் பெதஸ்தா குளத்தங்கரையில் திரளான வியாதிக்காரர்கள் படுத்திருந்தார்கள், ஒருவனைத்தான் எழுப்பினார். மற்றவர்களைப் பற்றி என்ன சொல்வீர்கள்? யாக்கோபு 4:15 "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்று சொல்லவேண்டும் என்றே கட்டளையிடுகிறதே, அந்தத் தாளைக் கிழித்துவிட்டீர்களா? மாற்கு 9:22ஐ இன்னும் நீங்கள் தொடவே இல்லை.

பாறசாலை விசுவாசி:
யாக்கோபு 4 பட்டணத்துக்குப் போய் வியாபாரம் பண்ணுவதைப் பற்றியது. வியாதிக்கு அடுத்த அதிகாரம் 5:15 இருக்கிறது, "விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்." வேண்டுமென்றே தாண்டிப் போகிறீர்கள். எட்டாம் வகுப்பில் நான் கேள்வி கேட்டபோதும் பதில் சொல்லாமல் பெஞ்சில் ஏற்றி நிறுத்தினீர்கள். மறந்திருப்பீர்கள், நான் மறக்கவில்லை.

ரப்பர்க்காட்டு டீச்சர், அருமனை:
மறக்கவில்லை. கேள்வி கேட்டதற்கு இல்லை, பக்கத்தில் இருந்த பையன் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து அவன் வாயை அடைத்ததற்கு. இன்னும் அதே பழக்கம்.

பாறசாலை விசுவாசி:
வெள்ளிக்கிழமை மறுபடியும் அந்த வீட்டில் ஜெபம். நான் வருவேன். யார் "சித்தமானால்" என்று சொன்னாலும் மறுபடியும் சொல்வேன். மத்தேயு 8:3.

ரப்பர்க்காட்டு டீச்சர், அருமனை:
வாருங்கள். அந்த மனிதருக்குப் பக்கத்தில் நான்தான் முழங்கால் போடுவேன், முதல் ஜெபமும் நான்தான். லூக்கா 22:42. ஆமென் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.

உதியன்குளங்கரைக்காரன்:
திருமனஸ் பற்றி நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.