பிரபஞ்சத்தின் நுட்பம் படைத்தவனைக் காட்டுகிறதா?

அருள்வேந்தன்:
"எல்லாம் தற்செயல்" என்று அடித்துச் சொல்கிறவர்கள் கார்பன் பிறக்கும் கதையைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். விண்மீனின் நடுவில் இரண்டு ஹீலியம் அணுக்கருக்கள் மோதி ஒட்டிக்கொண்டால் பெரிலியம்-8 உண்டாகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட அது தாங்காது, உடைந்துவிடும். அதற்குள் மூன்றாவது ஹீலியம் வந்து சேர்ந்தால்தான் கார்பன். வெறும் மோதல் கணக்கைப் போட்டால் உயிர்களுக்கு வேண்டிய கார்பன் தேறவே தேறாது. அதனால் 1953இல் வானியற்பியலாளர் பிரெட் ஹாயில், கார்பன் அணுக்கருவில் ஏறத்தாழ 7.65 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஓர் ஒத்ததிர்வு நிலை, அதாவது மோதும் கருக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ள உதவும் ஓர் ஆற்றல் படி, இருந்தே தீர வேண்டும் என்றார். கலிபோர்னியாவில் ஆய்வுக்கூடத்தில் தேடினார்கள். சொன்ன இடத்திலேயே இருந்தது. கடவுள் பக்தி இல்லாத அந்த மனிதரே பின்னாளில், பௌதிகத்தில் ஏதோ ஒரு பேரறிவு கைவைத்திருக்கிறது என்று தோன்றுவதாக எழுதினார்.

குடம் என்றால் குயவன் உண்டு. மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று சைவ சித்தாந்திகள் பிரித்துக் காட்டியதைவிடத் தெளிவாக இதைச் சொல்லிவிட முடியாது. குயவன் இல்லாமல் குடம் மட்டும் வந்தது என்பவர்கள் விளக்கட்டும்.

வால்மீன்:
ஐயா, குயவரை அழைத்து வந்துவிட்டீர்கள். அவருக்கு எதிரான வழக்கும் மிகப் பழையதுதான். ஏழாம் நூற்றாண்டுப் பௌத்தர் தர்மகீர்த்தி கேட்டார்: மண்ணால் ஆன உருவம் என்பதற்காகக் குயவனைத் தேடுவதென்றால், புற்றும் மண்ணால் ஆனதுதானே, அதையும் குயவன்தான் வனைந்தானா? குடத்துக்குக் குயவர் உண்டு என்று நமக்கு எப்படித் தெரியும்? குயவர் வனைவதைப் பார்த்திருக்கிறோம். பிரபஞ்சம் உண்டாவதை யாரும் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றும் கையில் இல்லை.

அதோடு, சித்தாந்தக் கணக்கில் குயவன் மண்ணைப் படைப்பதே இல்லை; உலகுக்கு மண்ணாக இருக்கும் மாயை அநாதி, தொடக்கமே இல்லாதது. அப்படியானால் கார்பனின் ஆற்றல் நிலை குயவனின் கைவேலையா, மண்ணின் குணமா? உங்கள் உவமை இரண்டாவது விடைக்குத்தான் இடம் தருகிறது.

ஒழுங்கைக் கண்டதும் அதன் பின்னால் ஓர் அறிவைத் தேடுவது மனித இயல்பு. 1967இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்ற ஆய்வு மாணவி, ரேடியோ தொலைநோக்கி வரைந்து தள்ளிய காகிதச் சுருளை அடி அடியாகப் பார்த்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் மட்டும் சின்னக் கிறுக்கல் ஒன்று, பூமியில் எழும் இரைச்சலைப் போலவும் இல்லை, விண்மீனைப் போலவும் இல்லை. காகிதம் ஓடும் வேகத்தைக் கூட்டி அதை விரித்துப் பார்த்தபோது ஏறத்தாழ 1.34 விநாடிக்கு ஒரு துடிப்பு, பிசகே இல்லாமல். பாதி விளையாட்டாக அதற்குக் 'குட்டிப் பச்சை மனிதர்கள்' என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் அது சுழலும் நியூட்ரான் விண்மீன், வெடித்துப்போன விண்மீனின் இறுகிய நடுப்பகுதி. கடிகாரத்தை மிஞ்சும் துல்லியம், ஆனால் யாரும் சாவி கொடுக்கவில்லை.

கறையான்:
புற்றைப் பற்றிப் பேச்சு வந்ததால் உள்ளே வந்தேன். அதைக் கட்டியது நாங்கள்; குயவருக்குப் பங்கில்லை. எங்களிடம் தலைமைப் பொறியாளரும் கிடையாது, வரைபடமும் கிடையாது. பக்கத்தில் இருப்பவன் வைத்த மண்ணுருண்டையின் வாசனை பார்த்து அடுத்த உருண்டையை வைப்போம். காற்றோட்டத்தோடு மாளிகை எழுந்துவிடும்.

அருள்வேந்தன்:
கறையான் தம்பி, வாசனை பார்த்து உருண்டை வைக்கும் புத்தியை உங்களுக்குக் கொடுத்தது யார் என்பதுதானே கேள்வி? வால்மீன் சொன்ன துடிப்பும் அப்படித்தான். விதி இருப்பதால் அது பிசகாமல் சுழல்கிறது. விதி எங்கிருந்து வந்தது?

பிரபஞ்சம் விரிவதை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றலை எடுத்துக்கொள்ளுங்கள். குவாண்டம் கோட்பாட்டை வைத்து எளிமையாக மதிப்பிட்டால் வரும் அளவைவிட, வானத்தில் அளந்து கண்ட அளவு ஏறக்குறைய 10இன் 120ஆம் அடுக்கு மடங்கு சிறியது. சில ஆயிரம் மடங்கு பெரிதாக இருந்திருந்தால்கூட விண்மீன் மண்டலங்கள் திரள நேரமே கிடைத்திருக்காது. "அப்படி இல்லாததால்தான் கேள்வி கேட்க நாம் இருக்கிறோம்" என்பது பதிலாகாது. தத்துவவாதி ஜான் லெஸ்லி இதற்கு ஒரு கதை சொன்னார். துப்பாக்கி வீரர்கள் வரிசையாக நின்று ஒருவனைச் சுடுகிறார்கள். அத்தனை குண்டும் தவறிவிட்டது. "தவறாமல் இருந்தால் இதை யோசிக்க நான் இருந்திருக்க மாட்டேனே" என்று சொல்லிவிட்டு அவன் வீட்டுக்குப் போவானா, ஏன் தவறியது என்று கேட்பானா?

வால்மீன்:
கேட்பான். கேட்கவும் வேண்டும். ஆனால் சுடுகிறவர்கள் குறி பார்ப்பவர்கள், அவர்களுக்கு நோக்கம் உண்டு என்பது அவனுக்கு முன்பே தெரியும். நிரூபிக்க வேண்டியதைக் கதையின் முதல் வரியிலேயே வைத்துவிட்டார்கள்.

கார்பனைப் பற்றி ஒன்று. நீங்கள் சொன்ன நிலை மயிரிழை பிசகினால் எல்லாம் போச்சு என்பது மிகை. 1989இல் வானியற்பியலாளர் மரியோ லிவியோவும் உடன் உழைத்தவர்களும் கணக்கிட்டுப் பார்த்தார்கள்: அந்த நிலை 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட், அதாவது 0.06 மில்லியன், உயர்ந்திருந்தாலும் கார்பன் உற்பத்தி பெரிதாகக் குறைந்திருக்காது. இருண்ட ஆற்றலோ, நீங்கள் நினைக்கும் பக்கத்தில் மட்டும் நிற்கும் சாட்சி அல்ல. 1987இல் இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பர்க், 'பார்ப்பவர் இருக்கக்கூடிய இடத்தில்தான் பார்க்க முடியும்' என்ற எண்ணத்தை வைத்தே அந்த அளவுக்கு ஓர் உச்சவரம்பு போட்டார். 1998இல் அளந்தபோது அது வரம்புக்குள் இருந்தது. அவர் கடவுளைத் துணைக்கு அழைக்கவில்லை.

அருள்வேந்தன்:
கடவுளுக்குப் பதிலாக, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு கொண்ட கணக்கற்ற பிரபஞ்சங்களை அழைத்தார். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை மறுக்கக் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடியா?

வால்மீன்:
நியாயமான குத்து. பல பிரபஞ்சங்கள் உண்டு என்று நானும் சாதிக்கவில்லை. இரண்டுமே நிரூபிக்கப்படாதவை என்றால் தீர்ப்பு உங்கள் பக்கம் போய்விடாது, அவ்வளவுதான்.

தாமரைச்செல்வி:
நான் கடவுளை நம்புகிறவள். அருள்வேந்தன் ஐயா வாதாடும் விதம்தான் எனக்கு அச்சமாக இருக்கிறது.

நியூட்டன் இதே வழியில் போனவர். கோள்கள் ஒன்றையொன்று இழுப்பதால் சிறு பிசகுகள் சேர்ந்துகொண்டே போகும், அவ்வப்போது கடவுள் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று எண்ணினார். 1715இல் ஜெர்மானியத் தத்துவவாதி லைப்னிட்ஸ் கேலி செய்தார்: தான் செய்த கடிகாரத்தையே அடிக்கடி பழுதுபார்க்க வேண்டியவரா உங்கள் கடவுள்? 1780களில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ், வியாழன், சனி இரண்டின் போக்கில் கண்ட பிசகு ஏறத்தாழ 900 ஆண்டுகளில் போய்த் திரும்பும் ஊசலாட்டம் என்று கணக்கிட்டுக் காட்டினார். கடவுளுக்கென்று ஒதுக்கிய வேலை போயிற்று. வேலை போனதும் ஆளும் இல்லை என்று சொல்ல எத்தனை பேருக்கு வசதியாகிவிட்டது!

இதை நன்றாக உணர்ந்தவர் ஜார்ஜ் லெமைத்ர். கத்தோலிக்கக் குருவானவர், பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இலேயே எழுதியவர். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டென்ற கண்டுபிடிப்பைப் படைப்புக்குச் சான்றாகப் பேசியபோது, மகிழ்ந்திருக்க வேண்டியவர் சங்கடப்பட்டார். தன் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பது அவர் நிலை. பூசை செய்கிற கையால்தான் அவர் சமன்பாடும் எழுதினார். ஒன்றை மற்றொன்றுக்கு முட்டுக்கொடுக்க வைக்கவில்லை.

கறையான்:
நுட்பம், நுட்பம் என்கிறீர்களே, ஒரு காகிதம் எடுங்கள். ஒரு சாண் இடைவெளியில் வேண்டாம், அதில் பாதிக்குமேல் கொஞ்சம் இருக்கட்டும். இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, வலப்பக்கம் ஒரு புள்ளி. இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் கூட்டல் குறியையே பாருங்கள். கையை நீட்டிப் பிடித்த காகிதத்தை மெதுவாக முகத்துக்கு அருகே கொண்டுவாருங்கள். ஓரிடத்தில் புள்ளி காணாமல் போகும். விழித்திரையின் முன்பக்கமாக நரம்புகளை ஓடவிட்டு, வெளியேற ஓர் ஓட்டையும் போட்டிருப்பதால் வந்த குருட்டுப் புள்ளி அது. ஆக்டோபஸுக்கு நரம்பு பின்பக்கம் போகிறது, இந்தத் தொல்லை இல்லை. செல்லப்பிள்ளை யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வால்மீன்:
குருட்டுப் புள்ளியாவது போகட்டும். புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் ஒரு வீட்டில் சாவுப் பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் கேட்கும் ஊரைக் காட்டிவிட்டு, இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறார். நுட்பத்தை வைத்து ஒருவனை நிரூபித்தாலும் அவன் வணங்கத்தக்கவன் என்பதற்கு அந்த நுட்பத்தில் என்ன இருக்கிறது? குழந்தைகளைக் கொல்லும் மலேரியா ஒட்டுண்ணியும் நுட்பமானதுதான்.

அருள்வேந்தன்:
திட்டியவரும் 'படைத்தோன்' என்றுதான் திட்டுகிறார், இல்லை என்று சொல்லவில்லை. அதே பாட்டு, உலகம் கொடியது என்று ஒப்புக்கொண்டு, அதன் இயல்பை உணர்ந்தவர்கள் இனியவற்றைக் காணட்டும் என்றுதான் முடிகிறது. துன்பத்துக்கு விடை வேறு இடத்தில் இருக்கிறது. வினை, உயிரைப் பற்றிய மலம் என்று அது தனிப் பேச்சு. நான் இங்கே கேட்டது ஒன்றுதான்: ஏன் விதி என்று ஒன்று இருக்கிறது?

தாமரைச்செல்வி:
அப்படியானால் நுட்பத்தை விட்டுவிட்டு, ஏன் எதுவுமே இருக்கிறது என்ற கேள்விக்கு வந்துவிட்டீர்கள். நல்லது. இப்போது எனக்கு ஒன்று சொல்லுங்கள் ஐயா. இந்த எண்கள் எல்லாம் ஒரே சமன்பாட்டிலிருந்து வேறு வழியே இல்லாமல் வருகின்றன, திருத்திவைக்க அங்கே எதுவுமே இல்லை என்று நாளை யாராவது காட்டிவிட்டால், கோயிலுக்குப் போவதை நிறுத்திவிடுவீர்களா?

அருள்வேந்தன்:
நிறுத்த மாட்டேன். அந்த ஒரு சமன்பாடு எங்கிருந்து வந்தது என்று கேட்பேன்.

வால்மீன்:
அதற்குப் பதில் என்னிடம் இல்லை. உங்களிடம் இருக்கும் பதிலுக்கும் அதே கேள்வியைக் கேட்க அனுமதி உண்டா?

அருள்வேந்தன்:
கேளுங்கள். அநாதி என்பேன்.

வால்மீன்:
மண்ணையும் அப்படித்தானே சொன்னார்கள்.