ஒற்றைக்கால் உதையை எப்படி வரைவது? வடக்குப் பழங்குடிகளே வரைந்த காமிக்ஸ் வேண்டும்

பவானி:
வணக்கம். கனடாவின் யெல்லோநைஃபில் இருக்கிறோம். முதல் ஆர்க்டிக் குளிர்கால விளையாட்டுப் போட்டி 1970இல் நடந்தது இந்த ஊரில்தான். மகளுக்கு 11 வயது. பள்ளியில் ஒற்றைக்கால் உயர உதை பழகுகிறாள். கயிற்றில் தொங்கும் சீல் தோல் பந்தை எம்பித் தொட வேண்டும். தொட்ட காலிலேயே இறங்கி, தடுமாறாமல் நிற்கவும் வேண்டும். காமிக்ஸ் வரைவதிலும் அவளுக்குப் பெரிய ஆசை. தன் உதையையே ஆறு கட்டங்களாக வரைந்து, கால் பந்தைத் தொடும் இடத்தைப் பக்கம் முழுக்கப் பெரிதாக்கி, பயிற்சி தரும் இனூயிட் (ஆர்க்டிக் பழங்குடி) அம்மாவிடம் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது. ஆனால் நீ இன்னும் மேலேயே இருக்கிறாயே, எப்போது இறங்குவாய்?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து இவள் பென்சிலைத் தொடவில்லை.

வடக்கைப் பற்றி எங்கள் வீட்டில் இருக்கும் படப் புத்தகங்கள் எல்லாம் வெளியிலிருந்து வந்தவர்கள் வரைந்தவை. பனிவீடு, வெள்ளைக்கரடி, உரோமத் தொப்பிக்குள் ஒரு சிரித்த முகம், அவ்வளவுதான். அந்த மண்ணின் மக்களே வரைந்த கார்ட்டூன்களை அவளுக்குக் காட்ட வேண்டும். எங்கிருந்து தொடங்கலாம்?

சேகரன்:
ஆலூட்டுக் இபெல்லியிலிருந்து தொடங்குங்கள். 1951இல் பாஃபின் தீவின் ஒரு வேட்டை முகாமில் பிறந்த இனூயிட் கலைஞர், கவிஞரும்கூட. 'இனூயிட் டுடே' இதழில் 'ஐஸ் பாக்ஸ்' என்ற கார்ட்டூன் தொடரை வரைந்தார். பின்பு 1990களில் 'நுனாட்சியாக் நியூஸ்' செய்தித்தாளில் 'நுனா அண்ட் வுட்'. தலைப்பைச் சேர்த்துப் படித்துப் பாருங்கள். 'நம் நிலம்' என்று பொருள்படும் நுனாவுட் தனி ஆட்சிப்பகுதியானது 1999 ஏப்ரல் 1 அன்று. அதற்கு முந்தைய பரபரப்பான ஆண்டுகளில், அதே மக்கள் படிக்கும் தாளில் அவர் வரைந்துகொண்டிருந்தார். தன் மக்கள் படிப்பதற்காக வரைகிறவருக்குப் பனிவீட்டை விளக்கிக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. நேராகக் கதைக்குப் போய்விடலாம். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். 2007இல் காலமானார். இன்னும் பத்து ஆண்டாவது இருந்து வரைந்திருக்க வேண்டிய மனிதர்.

கயல்:
11 வயதுக்கு என்றால் கோல் பால்ஸ்! கனடாவின் வடமேற்கில் உள்ள யூகானின் ஹெயின்ஸ் ஜங்ஷனில் வளர்ந்தவர். அந்த ஊருக்கு அங்குள்ள பழங்குடிகளின் தெற்கு டட்சோனி மொழியில் டக்வாகாடா என்று பெயர். 2019இல் நூலாக வந்த 'டக்வாகாடா வாரியர்ஸ்' கதையில் காக்கையும் ஓநாயும் பூமியைக் காக்கும் வீரர்கள். பேச்சுக் குமிழிகளில் ஆங்கிலத்துக்கு நடுவே டட்சோனிச் சொற்கள் வந்துகொண்டே இருக்கும். சண்டைக் காட்சியின் வேகத்தில் படிக்கும் குழந்தை தன்னை அறியாமல் நாலு சொல் கற்றுவிடும். அழிவின் விளிம்பில் இருக்கும் மொழிக்கு இதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரியாது.

மைக்கேல் நிக்கோல் யாகுலானாஸின் 'ரெட்' நூலையும் ஒரு முறை புரட்டச் சொல்லுங்கள், அக்கா. அவர் ஹைடா இனத்தவர். மேற்குக் கரைக்காரர், உங்கள் பக்கம் இல்லை. ஆனால் கட்டங்களைச் சதுரமாகப் பிரிக்காமல், ஹைடா ஓவியத்தின் தடித்த கருங்கோடுகளாலேயே வளைத்துப் பிரித்திருப்பார்.

இளங்கோ:
அந்த அம்மா கேட்ட கேள்வியைத்தான் நான் நாலு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நானும் வரைகிறவன். ஒரு முறை ஆர்க்டிக் குளிர்கால விளையாட்டுப் போட்டியில் தன்னார்வலராக நின்றிருக்கிறேன். என் குறிப்பேடு முழுக்க உச்சியில் தொங்கும் கால்கள்தான். நடுவர் பார்த்ததோ தரையை. பந்தைத் தொட்டவர் அதே காலில் இறங்கி நிலைகொள்ளாவிட்டால் அந்த முயற்சி போச்சு. ஓர் உயரத்துக்கு மூன்றே முயற்சி.

இதற்குப் பின்னால் ஒரு காரணமும் சொல்வார்கள். இரு கால்களாலும் பந்தைத் தொடும் இரட்டைக்கால் உதை என்று இன்னொன்று உண்டு. அது, வேட்டையிலிருந்து முன்னால் ஓடிவருபவர் ஊருக்குக் காட்டிய சைகையாம். எம்பி இரு கால்களையும் உதைத்தால் திமிங்கிலமோ காரிபூ மானோ கிடைத்துவிட்டது என்று பொருள். தூரத்தில் இருப்பவர்கள் அதைப் பார்த்துத் தயாராவார்கள். அவரோ இறங்கி மறுபடி ஓட வேண்டும். பனியில் காலைப் பிசகிக்கொண்டால் என்ன ஆவது?

ஆகவே பாப்பாவிடம் சொல்லுங்கள்: உச்சியைச் சின்னக் கட்டத்தில் போடு. இறங்கும் பாதத்துக்கு அகலமான கட்டம் கொடு. முழங்கால் மடங்குவது, கை விரிவது, எல்லாம் அதில் வரட்டும். சுற்றி நிற்பவர்களையும் விட்டுவிடாதே. எதிரணிக்காரரே வந்து "இன்னும் அரையடி தள்ளி நின்று எம்பு" என்று சொல்லிக்கொடுப்பதை என் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம், உங்கள் ஊர் டெனே பழங்குடி மக்களின் மண். அவர்களுடைய கைவிளையாட்டையும் பார்க்கட்டும். மண்டியிட்டு வரிசையாக உட்கார்ந்து, கைக்குள் சிறு பொருளை ஒளித்து வைப்பார்கள். பின்னால் பறை அதிரும். எதிரணித் தலைவர் எந்தக் கையில் இருக்கிறது என்று ஒரே சைகையில் சொல்ல வேண்டும். முகமும் கையும் மட்டுமே உள்ள கதை, காமிக்ஸுக்கென்றே பிறந்தது.

பவானி:
எல்லாருக்கும் நன்றி. கோல் பால்ஸ் நூல் கிடைத்துவிட்டது, இரவு அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள். இபெல்லியின் கார்ட்டூன்களையும் தேடிக்கொண்டிருக்கிறேன். இளங்கோ, நீங்கள் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். இன்று காலை பென்சிலை எடுத்தாள். இப்போது ஏழு கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் பந்து இல்லை. தரையில் ஒரு பாதம், பக்கத்தில் வேறு அணிச் சட்டை போட்ட ஒரு பெண் குனிந்து அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். திங்கட்கிழமை அந்த அம்மாவிடம் காட்டப் போகிறாள்.