அம்மான் கொண்டுவந்த 163 டிவிடிகள்: பிளேயரின் ரீஜன் பூட்டைத் திறப்பதா, நகலெடுத்து வைப்பதா?

கானாடுகாத்தான் வாசி
எங்கள் அம்மான் முதலில் சிங்கப்பூரிலும் அப்புறம் அமெரிக்காவிலும் வேலை பார்த்தவர். போன மாதம் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டார். கூடவே இரண்டு அட்டைப்பெட்டி நிறைய டிவிடி. எண்ணிப் பார்த்தேன், 163. எல்லாம் காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல்.

நம் வீட்டில் இருப்பது காரைக்குடியில் வாங்கிய பழைய பிளேயர். பின்பக்கம் சின்ன உலக உருண்டைப் படத்துக்குள் 5 என்று போட்டிருக்கிறது. பெட்டியில் இருந்த தமிழ்ப் படங்கள் மட்டும் ஓடின. மற்றதைப் போட்டால் ரீஜன் தவறு என்று திரையில் வந்து நின்றுவிடுகிறது. சாயங்காலம் முகப்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் பல வருஷமாகச் சொன்ன ஆசை. ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். எனக்கு மனசே ஆறவில்லை.

மடிக்கணினியில் போட்டால் ரீஜனை மாற்றவா என்று கேட்கிறது, இன்னும் 4 முறைதான் பாக்கி என்கிறது. நான் எதைச் செய்யட்டும்?

தேவகோட்டை பழுதுக்கடை
தம்பி, முதலில் மடிக்கணினியில் அந்த 'சரி' பொத்தானை அழுத்தாதீர்கள். 2000-க்குப் பிறகு வந்த, தட்டைப் படிக்கும் கணினி டிரைவ்களில் எத்தனை முறை ரீஜன் மாற்றினோம் என்ற கணக்கு டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. மொத்தம் 5 முறை. ஐந்தாவது மாற்றத்தோடு அந்த ரீஜனிலேயே நின்றுவிடும். விண்டோஸைத் திரும்பப் போட்டாலும் எண்ணிக்கை திரும்பாது.

ரீஜன் என்பது எந்த நாட்டில் ஓடலாம் என்று தட்டிலும் பிளேயரிலும் போட்ட எண். உங்கள் தட்டுகளின் கணக்கு இதுதான். இந்தியா 5. சிங்கப்பூர், மலேசியா 3. அமெரிக்கா, கனடா 1. ஐரோப்பாவும் ஜப்பானும் 2. ஆஸ்திரேலியா 4, சீனா 6. உறையின் பின்னால் அதே உருண்டைப் படத்தில் எண் இருக்கும். உங்கள் தமிழ்ப் படங்கள் ஓடியிருக்கின்றன என்றால், அவற்றில் 5 என்றோ, எல்லா ரீஜனுக்கும் என்றோ போட்டிருக்கும், பாருங்கள்.

வீட்டுப் பிளேயரைத் திறப்பது அவ்வளவு கஷ்டமில்லை. பெரும்பாலான மாடல்களுக்கு ரிமோட்டிலேயே ஒரு மறைவான எண் வரிசை உண்டு. தட்டைத் திறந்து வைத்துக்கொண்டோ, செட்டப் மெனுவில் நின்றோ அந்த எண்களை அழுத்தினால் ரீஜனைக் கேட்கும். 0 அல்லது 9 கொடுத்தால் எல்லாம் ஓடும். மாடல் எண்ணை இங்கே போடுங்கள், உங்கள் பிளேயருக்கான வரிசையைத் தேடித் தருகிறேன்.

பள்ளத்தூரான்
அண்ணன் சொல்வது பதினைந்து வருஷம் முன்னால் சரி. இன்றைக்கு அந்தப் பழைய பிளேயரின் லென்ஸ் இன்னும் எத்தனை நாள் உழைக்கும்? போனால் மாற்றுவதற்குப் பாகம் கிடைக்குமா? என் கருத்து, எல்லாவற்றையும் கணினியில் நகலெடுத்து ஹார்டு டிஸ்கில் போட்டுவிடுங்கள். ஒரு அடுக்குத் தட்டு 4.7 ஜிபி, இரண்டு அடுக்கு 8.5 ஜிபி. 163-ம் இரண்டு அடுக்கு என்றே வைத்தாலும் 1.4 டிபி தாண்டாது. இரண்டு டிபி டிஸ்க் ஒன்று போதும். டிவியில் சொருகினால் முடிந்தது. கணினியில் படம் ஓட்டும் விஎல்சி பிளேயர் மென்பொருள் ரீஜனைக் கண்டுகொள்வதே இல்லை.

தேவகோட்டை பழுதுக்கடை
அது பாதி உண்மை, பள்ளத்தூர் தம்பி. விஎல்சி கேட்காது, ஆனால் டிரைவ் கேட்கும். தட்டின் பூட்டுச் சாவியை டிரைவ் தர மறுத்தால் விஎல்சி கணக்குப் போட்டுத் தானாகச் சாவியைக் கண்டுபிடிக்கப் பார்க்கும். பல டிரைவ்களில் அது நடக்கும். சில மடிக்கணினி டிரைவ்கள் ரீஜன் பொருந்தாத தட்டின் படப் பகுதியைப் படிக்கவே விடாது. என் மேசைக்கு வந்த மடிக்கணினிகளில் இதைப் பார்த்திருக்கிறேன். 163 தட்டையும் நகலெடுக்க எத்தனை நாள் ஆகும் என்றும் யோசியுங்கள். அந்த அம்மானுக்கு வேண்டியது இன்று சாயங்காலம் ஒரு படம்.

செக்காலை ரோடு பழைய வீடியோ கடை
இரண்டு பேரும் பூட்டை உடைக்கத்தான் சொல்கிறீர்கள். நான் ஒரிஜினல் டிவிடி விற்றுப் பிழைத்தவன், அதனால் என் பக்கத்தையும் கேளுங்கள். ரீஜன் பிரித்தது வெறும் பேராசை இல்லை. ஒரு படம் ஒரு நாட்டில் டிவிடியாக வரும்போது இன்னொரு நாட்டில் தியேட்டருக்கே வந்திருக்காது. அப்புறம் விலை. அமெரிக்க விலைக்கு இங்கே யார் வாங்குவார்? இங்கே மலிவாக விற்கும் தட்டு அங்கே ஓடாது என்ற உறுதி இருந்ததால்தான் இந்திய விலை என்று ஒன்று வந்தது. இந்திய உரிமைக்குப் பணம் கட்டியவரை நம்பி நாங்கள் சரக்கு எடுத்தோம். நகலெடுப்பதை என்னால் ஏற்கவே முடியாது. ஒரு டிஸ்கில் ஏறிவிட்டால் அது ஊர் முழுக்கப் போகும். என் கடை மூடியது அப்படித்தான்.

பள்ளத்தூரான்
அண்ணே, உங்கள் வருத்தம் நியாயம். திருட்டு டிவிடி விற்றவனோடு இவரைச் சேர்ப்பதுதான் நியாயமில்லை. அம்மான் ஒவ்வொரு தட்டுக்கும் முழு விலை கொடுத்திருக்கிறார். படம் எடுத்தவருக்குப் போக வேண்டியது போய்விட்டது. ஊர் மாறி வந்ததற்காக அதே படத்தை இன்னொரு முறை வாங்கச் சொல்வீர்களா? அதில் பாதி இந்தியாவில் டிவிடியாக வந்தே இருக்காது.

சட்டத்தையும் பாருங்கள். 2012-ல் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவைச் சேர்த்தார்கள். பாதுகாப்புப் பூட்டை உடைத்தால் இரண்டு வருஷம் வரை சிறை. ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் என்றுதான் பிரிவில் இருக்கிறது. சொந்தத் தட்டைச் சொந்த வீட்டில் பார்ப்பதில் என்ன மீறல்? ஆஸ்திரேலியாவில் 2005-ல், சோனியின் பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவியில் பூட்டைத் தாண்ட வைக்கும் சிப் பற்றிய வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது, சோனி தோற்றது. அடுத்த வருஷம் சட்டத்தைத் திருத்தியபோதும் படத் தட்டின் சந்தைப் பிரிவினைப் பூட்டுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவில்லை.

செக்காலை ரோடு பழைய வீடியோ கடை
பிளேயரைத் திறப்பதற்கு நீங்கள் சொன்னது பொருந்தும், ஏற்கிறேன். ரீஜன் எண் நகலைத் தடுக்கிற பூட்டு இல்லை. எந்த நாட்டில் ஓடலாம் என்கிற குறி, அவ்வளவுதான். 163 படத்தையும் முழுசாக நகலெடுப்பதற்கு அதே வாதம் பொருந்தாது. சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவு என்றுதான் சட்டத்தில் இருக்கிறது. முழுப் படமும் அந்த அளவுக்குள் வருமா என்று நீங்கள் உறுதியாகச் சொல்ல முடியாது. அதில் என் கருத்து மாறாது.

ஈப்போ பேத்தி
அண்ணா, பெட்டியில் நீல உறைத் தட்டு இருக்கிறதா பாருங்கள். ப்ளூரே என்றால் கணக்கே வேறு. அமெரிக்கா, சிங்கப்பூர், மலேசியா மூன்றும் ஏ. இந்தியா சி. டிவிடி பிளேயரில் அது எப்படியும் ஓடாது. ப்ளூரே பிளேயரைத் திறக்க ரிமோட் எண் மட்டும் பெரும்பாலும் போதாது.

இன்னொன்று, அம்மான் வீட்டில் பதிவு செய்த தட்டு எதுவும் இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை எடுங்கள். எங்கள் ஆயா ஐயாவின் சாந்திக் கல்யாணத்தை, அதாவது அறுபதாம் கல்யாணத்தை, ரெக்கார்டரில் பதிந்து வைத்திருந்தோம். வீட்டில் பதிந்ததற்கு ரீஜனே கிடையாது. அப்படியும் ஓடவில்லை. ரீஜன் கோளாறு என்றே நினைத்து இரண்டு வருஷம் சும்மா வைத்துவிட்டோம். கடைசியில் பார்த்தால் பதிந்த பிறகு ஃபைனலைஸ் செய்யவில்லை, அதாவது மற்ற பிளேயரிலும் ஓடும்படி தட்டை முடித்து வைக்கவில்லை. அதற்குள் தட்டின் ஓரம் கெட்டு, தாலி பூட்டுகிற இடம் போயே போய்விட்டது. கடையில் வாங்கிய படம் அச்சுத் தட்டு, நாள் தாங்கும். பதிந்த தட்டு சாயத்தில் எழுதியது. நம் ஊர் வெயிலில் பெட்டகத்துக்குள் எத்தனை வருஷமும் கிடக்கும் என்று நம்பி விடாதீர்கள்.

செக்காலை ரோடு பழைய வீடியோ கடை
ஈப்போ ஆச்சி சொன்னதை நானும் சொல்கிறேன். உங்கள் வீட்டு விசேஷத்தை எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுங்கள், இன்றைக்கே எடுங்கள்.

கானாடுகாத்தான் வாசி
மாடல் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பினேன், தேவகோட்டை அண்ணன் தந்த வரிசை முதல் முறையிலேயே வேலை செய்தது. 0 வைத்தேன். சிங்கப்பூர்த் தட்டுகள் எல்லாம் ஓடுகின்றன. அமெரிக்கத் தட்டுகளில் இரண்டு சிக்கல். சிலவற்றில் உலக வரைபடம் வந்து அப்படியே நிற்கிறது. ஆத்தா அறையில் இருக்கும் பழைய குழாய் டிவியில் போட்டால் கலரே வரவில்லை, படம் மேலும் கீழும் ஓடுகிறது.

தேவகோட்டை பழுதுக்கடை
வரைபடம் வருவது, எல்லா ரீஜனும் திறந்த பிளேயரைக் கண்டுபிடிக்க ரீஜன் 1 தட்டுகளில் பிற்பாடு சேர்த்த சோதனை. 0 என்று இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். அந்தத் தட்டுகளுக்கு மட்டும் அதே மெனுவில் 1 என்று வைத்துவிட்டுப் போடுங்கள்.

கலர் போவதற்கும் ரீஜனுக்கும் சம்பந்தமே இல்லை. டிவிப் படத்துக்கு நாட்டுக்கு நாடு முறை வேறு. அமெரிக்கத் தட்டு என்டிஎஸ்சி முறை, 480 வரி. நம் பழைய டிவி பிஏஎல் முறை, 576 வரி. பிளேயர் செட்டப்பில் டிவி வகை என்று இருக்கும், ஆட்டோ அல்லது மல்டி என்று இருப்பதை பிஏஎல் ஆக்குங்கள், மாற்றிக் கொடுக்கும். முகப்பில் இருக்கும் எல்இடி டிவிக்கு இரண்டும் ஒன்றுதான்.

கானாடுகாத்தான் வாசி
1 வைத்ததும் ஓடிவிட்டது அண்ணே. நேற்று ராத்திரி ஒன்பதரை வரை அம்மான் எழுந்திருக்கவே இல்லை. படங்களை இப்போதைக்கு நகலெடுக்கவில்லை, பள்ளத்தூர் அண்ணன் கோபிக்க வேண்டாம். லென்ஸ் போகும் அன்றைக்கு யோசிப்போம்.

ஈப்போ ஆச்சி சொன்ன பிறகு பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் கையால் எழுதிய தட்டு 6. அதில் ஒன்று எங்கள் வீட்டுப் படைப்பு, முன்னோருக்குப் படையல் போட்டுக் கும்பிட்டது. ஐந்தை நகலெடுத்து இரண்டு டிஸ்கில் போட்டுவிட்டேன். படைப்புத் தட்டு மட்டும் காலி என்று காட்டுகிறது, ஆனால் அடிப்பக்கம் பதிந்த வளையம் கண்ணுக்கே தெரிகிறது.

தேவகோட்டை பழுதுக்கடை
வளையம் தெரிந்தால் படம் உள்ளே இருக்கிறது, ஃபைனலைஸ் ஆகவில்லை. அதை இனி எந்த பிளேயரிலும் போடாதீர்கள், துடைக்கவும் வேண்டாம். அப்படிப்பட்ட தட்டைப் படிக்கும் மீட்பு மென்பொருள் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்து வாருங்கள்.